நயாகரா போகும் வழியில் ஃபிங்கர் லேக்ஸ்: வயதான பெற்றோரோடு எந்த அருவி, எத்தனை படி, எந்த நேரம்?

கேள்வி இது: நியூ ஜெர்சியிலிருந்து ஜூலையில் மூன்று நாள் பயணமாக நயாகரா போகிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு முழங்கால் வலி, அம்மா நன்றாக நடப்பார், கூட இரண்டு பிள்ளைகள். வழியில் நியூயார்க் மாநிலத்து ஃபிங்கர் லேக்ஸ் பகுதியில் எந்த ஸ்டேட் பார்க்கைப் பார்க்கலாம்?

யாரைக் கேட்டாலும் வாட்கின்ஸ் க்ளென் என்றுதான் சொல்வார்கள். அது உண்மையிலேயே அற்புதமான இடம். ஆனால் முழங்கால் வலி உள்ளவருக்கு இந்த வட்டாரத்திலேயே கடினமான நடையும் அதுதான். அப்பாவை முன்னிட்டுத் திட்டம் போட்டால் டகானக் அருவியும் லெட்ச்வொர்த் பூங்காவும் முதலில் வரும். நடக்க முடிந்தவர்கள் மட்டும் காலையில் வாட்கின்ஸ் க்ளெனுக்குள் போய் வரலாம். எது பிரபலம் என்று பார்க்காமல், யாருடைய கால் எவ்வளவு தாங்கும், அந்த வாரம் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்ற இரண்டையும் வைத்து முடிவு செய்யுங்கள்.

முதலில் நில அமைப்பு. அது புரிந்தால் எந்த அருவி எங்கே இருக்கும் என்பது தானே பிடிபடும். வடக்கு தெற்காக விரல்கள் போல நீண்டு கிடக்கும் 11 ஏரிகள்தான் ஃபிங்கர் லேக்ஸ். பனியுகத்தில் பனிப்பாறைகள் பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகளை ஆழமாகக் குடைந்துவிட்டன. செனகா ஏரியின் ஆழம் 618 அடி. பக்கவாட்டிலிருந்து வந்து சேர்ந்த சிற்றோடைகளின் படுகை அந்த அளவுக்குக் குடையப்படவில்லை. பனி விலகியபோது அவை உயரத்திலேயே தொங்கி நின்றன. அங்கிருந்து ஏரிமட்டத்துக்கு இறங்க, மெல்லிய அடுக்குகளாலான ஷேல் பாறையையும் மணற்பாறையையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அறுத்துக்கொண்டே வந்ததால் உண்டானவைதான் இந்தக் குறுகிய மலையிடுக்குகள். ஷேல் சீக்கிரம் கரையும், மணற்பாறை தாங்கி நிற்கும். அதனால்தான் ஓடைகள் படிப்படியாக விழுகின்றன. அருவிகள் பெரும்பாலும் ஏரியின் தென்முனையை ஒட்டி, கரையிலிருந்து சில மைலுக்குள் இருப்பதும் இதனால்தான். செனகா, கயூகா என்ற ஏரிப் பெயர்கள் இங்கே வாழ்ந்த பூர்வகுடிகளின் பெயர்கள். 1779இல் அமெரிக்கப் படை அவர்களுடைய ஊர்களையும் வயல்களையும் எரித்து அவர்களைத் துரத்தியது. வழியில் அந்தப் பெயர்ப் பலகைகளைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்.

வாட்கின்ஸ் க்ளென், செனகா ஏரியின் தென்முனையில் உள்ள அதே பெயருடைய சிற்றூரின் நடுத்தெருவிலேயே தொடங்குகிறது. 2 மைல் தூரத்துக்குள் ஓடை 400 அடி இறங்குகிறது. அதற்குள் 19 அருவிகள், இருபுறமும் 200 அடி உயரப் பாறைச் சுவர்கள். உள்ளே போகும் பாதைக்கு கார்ஜ் டிரெயில் என்று பெயர். ஏறத்தாழ ஒன்றரை மைல், 800க்கும் மேற்பட்ட கல்படிகள். படிகள் பாதி வழிக்கு மேல்தான் வரும் என்று நினைத்து அப்பாவைக் கொஞ்ச தூரம் அழைத்துப் போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பிரதான வாயிலில் நுழைந்ததுமே பாறையைக் குடைந்த சுரங்கப் படிகள் தொடங்கிவிடும். அடுத்து சென்ட்ரி பாலம், அதையடுத்து கேவர்ன் கேஸ்கேட். இந்த அருவிக்குப் பின்னால் புகுந்துதான் போக வேண்டும், நனைவீர்கள். அதைத் தாண்டியதும் சுழல் படிச் சுரங்கம். ஆக, செங்குத்தான ஏற்றத்தில் பெரும்பகுதி முதல் கால் மணி நேரத்திலேயே வந்துவிடுகிறது. அதன் பிறகு நடுப்பகுதி பரவாயில்லை.

இந்த நடுப்பகுதியில்தான் பாதையின் உயிர் இருக்கிறது. சுவர்கள் நெருங்கும் 'நேரோஸ்' என்ற இடத்தில் காற்றே மாறிவிடும். ஈரம், பாசி, குளிர்ச்சி. உடனே அடுத்து கேதட்ரல் என்ற அகன்ற வெளி. அங்கே தரைப்பாறையில் பழங்காலக் கடலடியின் அலைத்தடங்கள் அப்படியே கல்லாகிக் கிடப்பதைப் பார்க்கலாம். அதன் மேல்முனையில் 60 அடி சென்ட்ரல் கேஸ்கேட், இங்குள்ளவற்றில் உயரமானது. இன்னும் மேலே போனால் ரெயின்போ ஃபால்ஸ். எல்லோரும் படமெடுப்பது இங்கேதான். பக்கச் சுவரிலிருந்து மெல்லிய திரையாக விழும் தண்ணீருக்கும் பாறைக்கும் நடுவே பாதை போகிறது. அதற்கப்பால் மைல் பாயின்ட் பாலம் வரை காட்சி குறைந்துகொண்டே வரும். கடைசியில் ஜேக்கப்ஸ் லேடர் என்ற 180 படி ஏறினால் மேல்வாயில்.

என் கணிப்பில், பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த 180 படி ஏறத் தேவையில்லை. மைல் பாயின்ட் பாலத்தில் ஓடையைக் கடந்து, வடகரையின் மேல்விளிம்பில் போகும் இந்தியன் டிரெயில் வழியாகத் திரும்புங்கள். மரநிழலான மண்பாதை, கூட்டம் குறைவு, வழியில் ஓடைக்கு மேலே தொங்குபாலத்திலிருந்து உள்ளே எட்டிப் பார்க்கலாம். ஏறி இறங்க மொத்தம் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வாங்கும் தொல்லை இருப்பவர்களை மேல்வாயிலில் இறக்கிவிட்டு, கீழே வந்து ஏற்றிக்கொள்வது ஒரு வழி. ஆனால் முழங்கால் வலிக்கு அது உதவாது. நனைந்த கல்படியில் இறங்குவது ஏறுவதைவிட மூட்டுக்குக் கெடுதல். கூட்ட நாட்களில் ஒருவழியாகவே நடக்கச் சொல்லும் அறிவிப்பும் இருக்கலாம், வாயிலில் பார்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறை வாயில்களில் மட்டுமே உண்டு, உள்ளே கிடையாது. நாயை கார்ஜ் டிரெயிலில் விடமாட்டார்கள்.

நேரம் மிக முக்கியம். ஜூலை சனிக்கிழமை பதினொரு மணிக்குப் போனால் பிரதான வாயில் பார்க்கிங் நிரம்பியிருக்கும். உள்ளே வரிசையில் நிற்பது போலத்தான் நகர வேண்டியிருக்கும், ரெயின்போ ஃபால்ஸில் அசையவே முடியாது. காலை எட்டு மணிக்குள் உள்ளே இருந்தால் அதே பாதை வேறு இடம் போல இருக்கும். படத்துக்கும் அதுதான் நல்ல நேரம். உச்சி வெயிலில் பாறையின் ஒரு பாதி வெளுத்தும் மறுபாதி கறுத்தும் விழும். மேகமூட்டமான நாளென்றால் இன்னும் நல்லது. செல்பேசி லென்ஸைத் துடைக்க ஒரு பருத்தித் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் வாட்கின்ஸ் க்ளெனுக்குள் இருக்கும் இரண்டு மணி நேரமும் அப்பா காரில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. வாயில் முற்றத்திலிருந்தே மலையிடுக்கின் முகப்பும் மேலே குறுக்காகப் போகும் சென்ட்ரி பாலமும் தெரியும். பிராங்க்ளின் தெருவின் கோடியில் செனகா ஏரிக்குள் நீளும் மரப்பாலத்துறை சமதளம், உட்கார இருக்கைகள் உண்டு. எல்லோரும் சேர்ந்த பிறகு தெற்கே 3 மைல் போனால் மான்டூர் ஃபால்ஸ் என்ற ஊர். அங்கே ஷெக்வாகா அருவி 156 அடி உயரத்திலிருந்து ஊர்த்தெருவின் முடிவிலேயே கொட்டுகிறது. இருபுறமும் வீடுகள், நடுவே அருவி. காரிலிருந்து இறங்காமலே பார்க்கலாம், கட்டணம் இல்லை. இவ்வளவு சுலபமான அருவியை வழிப்போக்கர்களில் பாதிப் பேர் தவறவிட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது டகானக். இத்தாக்கா நகரிலிருந்து 89ஆம் எண் சாலையில் கயூகா ஏரியை ஒட்டி வடக்கே சுமார் 10 மைல். ஒரே வீச்சில் 215 அடி விழுகிறது. உயரத்தில் நயாகராவையே மிஞ்சியது, அகலத்தில்தான் சிறியது. இதைப் பார்க்க இரண்டு வழி. மேலே டகானக் பார்க் சாலையில் உள்ள பார்வைத் தளம், பார்க்கிங்கிலிருந்து சில அடி நடந்தால் போதும். அப்பாவுக்கு இதுவே சரி. கீழே 89ஆம் எண் சாலையிலிருந்து தொடங்கும் கார்ஜ் டிரெயில் ஒருவழி முக்கால் மைல், கிட்டத்தட்ட சமதளம், அகலமான மண்பாதை. வலி அதிகமில்லாத நாளில் கைத்தடியோடு நிதானமாகப் போகலாம். முடிவில் 400 அடி உயரச் சுவர்கள் அரைவட்டமாகச் சூழ்ந்திருக்க, நடுவே அருவி. அதன் அடிக்குப் போய் நிற்க ஆசை வரும், போகாதீர்கள். மேலிருந்து ஷேல் துண்டுகள் முன்னறிவிப்பின்றி உதிர்ந்துகொண்டே இருப்பதால்தான் அங்கே வேலி போட்டிருக்கிறார்கள்.

இத்தாக்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ராபர்ட் எச். ட்ரீமன் பூங்காவுக்கு இரண்டு வாயில். நிறையப் பேர் ஜிபிஎஸ் காட்டிய கீழ்வாயிலுக்குப் போய், நீச்சல் இடத்தைப் பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று திரும்பிவிடுகிறார்கள். 327ஆம் எண் சாலையில் உள்ள மேல்வாயிலுக்குப் போங்கள். பழைய மாவு ஆலையருகே வண்டியை விட்டு அரை மைல் நடந்தால் 115 அடி லூசிஃபர் அருவியின் தலைப்பகுதிக்கு வந்துவிடலாம். ஓடையின் ஓரமாகக் கல்லால் கட்டிய நடைபாதை அது. 1930களின் பொருளாதார நெருக்கடியின்போது சிவிலியன் கன்சர்வேஷன் கோர் என்ற அரசு வேலைத்திட்டத்து இளைஞர்கள் இந்த வட்டாரப் பூங்காக்களில் செய்த கல்வேலை இன்றும் அசையாமல் இருக்கிறது. உழைப்புக்குக் கிடைக்கும் பலன் என்று பார்த்தால், இந்த அரை மைலுக்கு ஈடு இங்கே வேறில்லை. அம்மாவும் பிள்ளைகளும் கட்டாயம் பார்க்க வேண்டியது. அங்கிருந்து கீழே இறங்கி வட்டமாகத் திரும்பினால் 222 படி ஏற வேண்டியிருக்கும். வேண்டாமென்றால் வந்த வழியே திரும்பிவிடலாம். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கியே தீருவோம் என்றால் கீழ்வாயிலில் உயிர்காப்பாளர் இருக்கும் நேரத்தில் மட்டும் இறக்குங்கள். தண்ணீர் ஜூலையிலும் சில்லென்றிருக்கும்.

இத்தாக்காவை ஒட்டிய பட்டர்மில்க் ஃபால்ஸ் 13ஆம் எண் சாலையின் ஓரம், பார்க்கிங்கிலிருந்தே தெரியும். பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். மேலே ஏறும் பாதை எடுத்த எடுப்பில் செங்குத்து, உங்கள் குழுவுக்கு வேண்டாம்.

இனி லெட்ச்வொர்த். மூன்று தலைமுறை சேர்ந்து போகும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்த வட்டாரத்தில் இல்லை. ஜெனசி ஆறு வடக்கு நோக்கி ஓடி ஒன்டாரியோ ஏரியில் கலக்கிறது. வழியில் அது குடைந்த 17 மைல் பள்ளம்தான் பூங்கா. சில இடங்களில் பாறைச் சுவர் 600 அடி உயரம். பள்ளத்தின் மேல்விளிம்பை ஒட்டியே பூங்காச் சாலை போகிறது. காரை நிறுத்து, இருபது அடி நட, பார், மறுபடி ஏறு. நாள் முழுக்க இப்படியே போகலாம். 1859இல் இங்கே நிலம் வாங்கிய வில்லியம் பிரையர் லெட்ச்வொர்த் என்ற தொழிலதிபர், மரம் வெட்டிச் சீரழிந்திருந்த இந்த இடத்தில் மீண்டும் மரம் வளர்த்து, அருவிகளோடு சேர்த்து 1906இல் மாநிலத்துக்குக் கொடுத்துவிட்டார். அவர் வாழ்ந்த வீடுதான் மிடில் ஃபால்ஸ் பக்கத்தில் இருக்கும் க்ளென் ஐரிஸ் விடுதி.

மூன்று பெரிய அருவிகளும் தென்பாதியில் இருக்கின்றன. அதனால் நேரம் குறைவென்றால் வடக்கே மவுன்ட் மோரிஸ் வாயில் வழியாக நுழையாதீர்கள், போர்ட்டேஜ்வில் அல்லது காஸ்டைல் வாயில் வழியாக வாருங்கள். அப்பர் ஃபால்ஸுக்கு நேர் மேலே சரக்கு ரயில் போகும் எஃகு வளைவுப் பாலம் இருக்கிறது. 1875இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்துக்குப் பதிலாக 2017இல் திறந்தது. மிடில் ஃபால்ஸ் 107 அடி. பார்க்கிங்கிலிருந்து குறுகிய நடை, எதிரிலேயே நின்று பார்க்கலாம். வெயில் இருந்தால் சாரலில் வானவில் தெரியும். அடுத்து இன்ஸ்பிரேஷன் பாயின்ட்: மிடில், அப்பர் இரண்டு அருவிகளையும் பாலத்தையும் ஒரே பார்வையில் காட்டும் இடம், காரிலிருந்து இறங்கிய இடத்திலேயே காட்சி. லோயர் ஃபால்ஸுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட படி இறங்க வேண்டும், அப்பா மேலேயே இருக்கட்டும். வடக்கே போகப் போக உல்ஃப் கிரீக், கிரேட் பெண்ட் போன்ற பார்வைத் தளங்களில் பெரிய அருவி இல்லை, ஆழம்தான் காட்சி. நேரமிருந்தால் இரண்டில் நில்லுங்கள். விளிம்பில் இருக்கும் தாழ்ந்த கற்சுவர்மீது பிள்ளைகளை உட்கார வைத்துப் படமெடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மறுபக்கம் நேரே பள்ளம்.

தண்ணீர் எப்போது இருக்கும்? பனி உருகும் ஏப்ரலில் நிறைய ஓடும், ஆனால் வாட்கின்ஸ் க்ளென் கார்ஜ் டிரெயில் அப்போது மூடியிருக்கும். குளிர்காலத்தில் பாறை இடுக்குகளில் உறைந்த நீர் விரிந்து கற்களைத் தளர்த்திவிடும். பணியாளர்கள் கயிற்றில் தொங்கி அவற்றைத் தட்டித் தள்ளிய பிறகு மே நடுவிலோ இறுதியிலோதான் திறப்பார்கள், நவம்பரில் மறுபடி மூடிவிடுவார்கள். தண்ணீரும் பாதையும் ஒன்றாகக் கிடைப்பது மே கடைசியும் ஜூனும். ஜூலை கடைசியிலிருந்து ஓடைகள் இளைக்கும்; மழையில்லாத ஆகஸ்டில் டகானக் ஒரு நூலாகிவிடுவதும் உண்டு. லெட்ச்வொர்த் பெரிய ஆறு என்பதால் அவ்வளவு மெலியாது. கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாள் மழையைப் பாருங்கள். நல்ல இடிமழைக்கு மறுநாள் காலை போனால் ஜூலையிலும் அருவி நிறைந்து விழும். ஆனால் மழை பெய்துகொண்டிருக்கும்போது மலையிடுக்குக்குள் நுழையக் கூடாது. மேலே பெய்த மழை குறுகிய இடுக்கில் நிமிடங்களில் ஏறிவிடும். 1935 வெள்ளம் வாட்கின்ஸ் க்ளெனின் பாதைகளை அடித்துக்கொண்டு போனது. பாதை மூடியிருப்பதாகப் பலகை இருந்தால் அதைத் தாண்ட வேண்டாம். கிளம்பும் நாள் காலை நியூயார்க் ஸ்டேட் பார்க்ஸ் இணையதளத்தில் அந்தந்தப் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

செருப்பு விஷயம். செருப்போடும் வழுக்கும் அடிப்பாகம் உள்ள ஷூவோடும் வந்து விழுகிறவர்கள்தான் அதிகம். வரிவரியாகப் பள்ளம் வெட்டிய ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ அவசியம். அம்மா புடவையில் வருவதென்றால் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளட்டும். ஈரப் படியில் தடுக்கும். உள்ளே வெளியைவிடக் குளிரும், ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஜூலையிலும் மெல்லிய ஸ்வெட்டர் வேண்டும். புல்வெளியில் உட்கார்ந்து எழுந்தால் இரவு கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இந்த வட்டாரத்து மான் உண்ணி லைம் நோயைப் பரப்பும். ஒட்டியிருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது எல்லாம் கூடாது.

கட்டணம் ஆளுக்கல்ல, வண்டிக்கு. பூங்காவைப் பொறுத்து நாளொன்றுக்குச் சுமார் 10 டாலர். ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். அதே நாளில் இன்னொரு ஸ்டேட் பார்க்குக்குப் போனால் வாயிலில் அதைக் காட்டிக் கேளுங்கள். எம்பயர் பாஸ் என்ற ஆண்டுச் சீட்டு 80 டாலர். மூன்று நாள் பயணத்துக்கு மட்டும் வாங்கினால் நட்டம், ஆண்டுக்கு எட்டு முறைக்கு மேல் போகிறவர்களுக்குத்தான் கட்டும். 62 வயதானவர்களுக்கு வாரநாட்களில் இலவசம் என்று கேள்விப்படுவீர்கள். அது நியூயார்க் மாநிலவாசிகளுக்கு மட்டும், உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது.

இனி நாள் கணக்கு. முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். 80, 380, 81 நெடுஞ்சாலைகளில் ஸ்க்ரான்டன் வழியாகப் பிங்கம்டன், அங்கிருந்து 17இல் மேற்கே ஒவீகோ, பிறகு 96, 96பி வழியாக இத்தாக்கா. நிறுத்தங்களோடு ஐந்து மணி நேரம் ஆகும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ட்ரீமன் மேல்வாயில், மாலை டகானக் பார்வைத் தளம், இரவு வாட்கின்ஸ் க்ளென் பக்கம் தங்கல். இரண்டாம் நாள் எட்டு மணிக்குள் வாட்கின்ஸ் க்ளென், பத்தரைக்கு மான்டூர் ஃபால்ஸ். பிறகு கார்னிங், பாத் வழியாக 86, 390 நெடுஞ்சாலைகளில் டான்ஸ்வில் வந்து 436ஆம் எண் சாலையில் போர்ட்டேஜ்வில். இரண்டு மணி நேரத்துக்குள் லெட்ச்வொர்த் போய்விடலாம். அங்கே மாலை ஐந்து வரை இருந்துவிட்டுக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் நயாகரா. இரவு விளக்கு வெளிச்சத்திலேயே அருவியைப் பார்த்துவிடலாம். மூன்றாம் நாள் நயாகரா அமெரிக்கப் பக்கம். அதுவும் ஒரு ஸ்டேட் பார்க்தான், 1885இல் தொடங்கியது, நாட்டிலேயே மிகப் பழையது. மதியம் இரண்டுக்குள் கிளம்பாவிட்டால் வீடு சேர நள்ளிரவாகிவிடும். கனடாப் பக்கம் போக அப்பா அம்மாவுக்குத் தனி விசா வேண்டும். போகாவிட்டாலும் எல்லைப் பகுதி என்பதால் பாஸ்போர்ட்டும் ஐ-94 எனப்படும் அமெரிக்க நுழைவுப் பதிவின் அச்சுப் பிரதியும் கையில் இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு இத்தாக்காவில் சைவம் தாராளமாகக் கிடைக்கும், வாட்கின்ஸ் க்ளெனில் குறைவு, லெட்ச்வொர்த்தில் மிகக் குறைவு. இரண்டாம் நாளுக்குப் புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டால் லெட்ச்வொர்த்தில் மரத்தடி மேசைகள் ஏராளமாக இருக்கின்றன. அங்கே செல்பேசி சிக்னல் பல இடங்களில் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். பெட்ரோலும் டான்ஸ்விலில் போட்டுவிடுங்கள். தங்குமிடத்தைப் பொறுத்தவரை, வாட்கின்ஸ் க்ளெனில் கார்ப் பந்தயம் நடக்கும் வார இறுதிகளில் அறையே கிடைக்காது. தேதியை முடிவு செய்யுமுன் பந்தய அட்டவணையைப் பார்த்துவிட்டு, முடிந்தால் திங்கள் முதல் புதன் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.